தடை விலகுவதால்தான் தண்டு நீள்கிறது

ஜிப்ரலின் ஹார்மோன் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, அது செடியை வளரத் தூண்டுகிறது என்பதோடு நின்றுவிட்டது. மன்னார்குடிப் பக்கம் முப்பது வருடமாக நெல் நடுகிறவன் நான். இது போதாது என்பேன்.

நெல்லின் செல் உட்கருவில் வளர்ச்சியைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் காவல் இருக்கிறது. ஜிஐடி1 என்ற ஏற்பியின் (ஹார்மோனை உணரும் புரதத்தின்) குழிக்குள் ஜிப்ரலின் போய் உட்கார்ந்ததும், அந்த ஏற்பி காவல் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. செல் அதைச் சிதைத்துவிடுகிறது. தடை விலகுகிறது, தண்டு நீள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததே நெற்பயிரில்தான்.

நாற்றங்காலில் நாலைந்து நாற்று மட்டும் ஒரு சாண் உயர்ந்து, மெலிந்து, வெளிறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடுங்கினால் அடிக்கணுவில் வேர் விட்டிருக்கும். நாற்றைத் தாக்கிய ஒரு பூஞ்சை சுரக்கும் ஜிப்ரலின் செய்த வேலை அது.

நமக்கு முக்கியமானது வெள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால், பயிர் தானே சுரக்கும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் வெளியேற முடியாமல் பயிருக்குள்ளேயே தேங்கி ஜிப்ரலினுக்கு வழிவிடுகிறது. பயிர் தண்ணீருக்கு மேலே வரத் தவித்து நீள்கிறது; இருந்த மாவுச்சத்தும் தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் சாய்கிறது. வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்1 நெல் ரகத்திலோ காவல் புரதம் கூடுகிறது. பயிர் வளராமல் அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கிறது. என் வயலில் பத்து நாள் தண்ணீர் நின்றபோது இலையெல்லாம் சேறு பூசிக் கிடந்தது. வடிந்த நாலாம் நாள் குருத்து பச்சையாக வெளியே வந்தது. அடுத்த கட்டுரையில் இதை விரிவாக எழுதுங்கள் ஐயா.