குளிர் அல்ல, வெளிச்சக் குறைவுதான்
குளிர்கால மனச்சோர்வு பற்றிய இந்தக் கட்டுரையில், குளிர் தாங்காமல்தான் மனம் சோர்ந்துபோகிறது என்று சொல்லியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டொரன்டோவில் 14 குளிர்காலங்களைப் பார்த்துவிட்டேன். என்னை முடக்கிப் போடுவது பனி கொட்டும் பிப்ரவரி அல்ல, அவ்வளவாகக் குளிராத நவம்பர். கோடைகால நேரம் முடிந்து இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. எவ்வளவு தூங்கினாலும் போதாது, சோறும் இனிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும், ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால்கூட போனை எடுக்கத் தோன்றாது. 1984-இல் இந்த நோய்க்குப் பருவகால மனச்சோர்வு (SAD) என்று பெயர் வைத்து விவரித்த மருத்துவர் நார்மன் ரோசென்தாலே தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வந்து, குளிர்காலத்தில் தன்னிடமே இந்த மாற்றத்தைக் கண்டவர். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், அந்தச் சொல்லுக்குப் பயந்தே மூன்று வருடம் நான் மருத்துவரிடம் போகவில்லை. அப்புறம் போனபோது மருத்துவர் சொன்னபடி காலையில் எழுந்ததும் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தேன், இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் எரியும் சாதாரண விளக்குகள் தருவது சில நூறு லக்ஸ்தான். கண் நோயோ பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும்) பாதிப்போ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த விளக்கை வாங்க வேண்டாம்.