முடி வெட்டிக்கொண்டதா துரோகம்?

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் ரசிகர்கள் இருவர் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்படியும் 1996-இல் வந்து நிற்கும். 'லோட்' ஆல்பம் வெளிவந்த ஆண்டு. குழுவின் நால்வரும் நீள முடியை வெட்டிவிட்டார்கள். சிலர் கண்ணுக்கு மை தீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூர்முனை எழுத்துச் சின்னமும் மாறியது. பாட்டைக் கேட்பதற்கு முன்பே பலர் 'துரோகிகள்' என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தப் பட்டம் இன்றுவரை உதிரவில்லை.

அவர்களுக்கு அது புதிதும் அல்ல. 1984-இல், இரண்டாவது ஆல்பத்திலேயே, 'ஃபேட் டு பிளாக்' அகூஸ்டிக் கிதாரோடு மெதுவாகத் தொடங்கியதற்கே "விலைபோய்விட்டார்கள்" என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. இன்று பழைய, அசல் மெட்டாலிகாவுக்கு அதே பாட்டைத்தான் உதாரணம் காட்டுகிறோம்! 1991-இல் பாப் ராக் என்பவர் தயாரிப்பாளராக வந்தார், வேகம் குறைந்தது, பாடல்கள் சுருங்கின, கறுப்பு அட்டை ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. அப்போதும் இதே வசவுதான்.

ரசிகர்களின் உரிமைக் குரலில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1982-இல் மெட்டாலிகாவின் டெமோ கேசட் (மாதிரிப் பதிவு) நகலுக்கு நகலாகக் கைமாறித்தான் பரவியது. வானொலிகள் சீண்டாத இசையைத் தபாலில் அனுப்பி ஊர் ஊராகச் சேர்த்தவர்கள் ரசிகப் பையன்கள். "எங்கள் குழு" என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். அதற்காக, இருபது வயதில் வாசித்ததையே முப்பது தாண்டியும் வாசி என்று ஒருவனைக் கட்டிப்போட முடியுமா?

துரோகம் என்று சொல்லியே தீரவேண்டுமென்றால் நான் 2000-ஐக் காட்டுவேன். இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டதோடு நிற்காமல், பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை அச்சடித்துப் பெட்டி பெட்டியாக அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கே கொண்டுபோனார் டிரம்மர் லார்ஸ் உல்ரிச். சட்டம் அவர் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் நகல் கேசட்டில் வளர்ந்த குழு, நகலெடுத்தவர்களையே பட்டியல் போட்டது எனக்கு முடிவெட்டைவிடப் பல மடங்கு உறுத்துகிறது.

இசையைப் பற்றிய குறை என்றால் அது வேறு. 2003-இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' டிரம் சத்தத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. தகர டப்பா தகர டப்பாதான். 2008-இல் 'டெத் மேக்னெடிக்' பழைய வேகத்தையும் கிதார் சோலோக்களையும் திருப்பித் தந்தது. ஆனால் ஒலியைக் கண்டபடி ஏற்றியதால் பாட்டு கரகரக்கிறது, மறுபடி கலவை செய்யுங்கள் என்று ரசிகர்கள் மனுப்போட்டார்கள். அந்த மனுவில் நானும் அவர்கள் பக்கம்தான். அதே பாடல்கள் 'கிதார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் தெளிவாகக் கேட்டன.

'லோட்' என்னைப் பொறுத்தவரை பாதி நல்ல ஆல்பம். 14 பாட்டு, ஏறக்குறைய 79 நிமிடம், யார் உட்கார்ந்து கேட்பது? குறுந்தட்டில் இடம் போதாமல் கடைசிப் பாட்டு 'தி அவுட்லா டோர்ன்' சுமார் ஒரு நிமிடம் வெட்டுப்பட்டது. ஆல்பத்திலேயே சிறந்த பாட்டு அதுதான். முடிவில் கிதார் சூடுபிடித்துப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒலி மங்கிவிடுகிறது. சுமாரான நான்கைந்து பாட்டுகளை விட்டுவிட்டு இதில் போய்க் கத்தரி வைத்தார்களே, அந்த ஆத்திரம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.