கிழவன் அலியை அடிச்சவன்தானா லாரி ஹோம்ஸ்?

சனிக்கிழமை ராத்திரி குத்துச்சண்டை ரசிகர்கள் பேசிய அந்த லைவைக் கேட்டவர்களுக்கு முன்கதை தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நண்பர் போட்ட பத்து மகத்தான ஹெவிவெயிட் சாம்பியன்கள் பட்டியலில், 1978 முதல் 1985 வரை சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸ் இல்லை. சரி, அவரவர் பட்டியல், அவரவர் இஷ்டம். காரணம் கேட்டதற்கு வந்த பதில்தான் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "ஹோம்ஸா? கிழவன் அலியை அடிச்சவன்தானே!" கூடவே நாலு பேர் சிரிப்பு. அடுத்த அஞ்சாவது நிமிஷம் அதே நண்பர் மைக் டைசனுக்கு மார்க் போடுகிறார்: "ஹோம்ஸையே நாலாவது ரவுண்டில் படுக்க வெச்ச ஆள்!"

இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

ஹோம்ஸ்-அலி சண்டை: 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். அலிக்கு வயது 38. கடைசியாகச் சண்டை போட்டது 1978 செப்டம்பரில், லியான் ஸ்பிங்க்ஸுடன் இரண்டாவது மோதல். இரண்டு வருஷம் ரிங் பக்கமே வரவில்லை. டைசன்-ஹோம்ஸ் சண்டை: 1988 ஜனவரி 22, அட்லாண்டிக் சிட்டி. ஹோம்ஸுக்கு வயது 38. கடைசிச் சண்டை 1986 ஏப்ரலில். 21 மாதம் ரிங் பக்கமே வரவில்லை. அந்த வயது, அந்த இடைவெளி. முதலாவதில் ஜெயித்தவனுக்கு "கிழவனை அடிச்சவன்" என்று பெயர். இரண்டாவதில் ஜெயித்தவனுக்குக் கைதட்டல். என்ன கணக்கு இது?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அளவுகோல் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வயதான எதிராளியை ஜெயித்தது கணக்கில் சேராது என்றால் ஐம்பதுகளின் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49-0-வை, அதாவது 49 வெற்றி, பூஜ்யம் தோல்வி என்ற கணக்கை, எடுத்து மேஜையில் வையுங்கள். 1951-இல் அவர் நாக்அவுட் செய்த ஜோ லூயிஸுக்கு 37 வயது. 1952-இல் பட்டத்தைப் பறிகொடுத்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. அதுவும் பதிமூன்றாவது ரவுண்டில் அந்த ஒற்றை வலது கை விழும்வரை மூன்று ஜட்ஜ்களின் புள்ளி கார்டிலும் வால்காட்தான் முன்னே. 1955-இல் கடைசிச் சண்டை, எதிரே நாற்பதை ஒட்டிய ஆர்ச்சி மூர், அவரும் இரண்டாவது ரவுண்டில் மார்சியானோவைக் கீழே உட்கார வைத்தார். இதையெல்லாம் சொல்லி மார்சியானோவைச் சின்ன ஆளாக்குவது என் நோக்கமில்லை. எஸ்ஸார்ட் சார்ல்ஸுடன் இரண்டாவது சண்டையில் மூக்கு நுனி பிளந்து ரத்தம் கொட்ட, டாக்டர் எந்நேரமும் நிறுத்தலாம் என்ற நிலையில் எட்டாவது ரவுண்டில் முடித்தாரே, அது ஒன்று போதும் அவருக்கு. ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குக் கற்பூரம் காட்டுகிறவர்கள் ஹோம்ஸிடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்கக் கூடாது.

இனி அந்த அலி சண்டை. அதைப் பார்க்கப் பிடிக்காது, எனக்கும்தான். பருத்துப்போன உடம்பை அவசரமாக இறக்கி, தைராய்டு மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கி, உள்ளே ஈரமே இல்லாமல் வந்து நின்றார் அலி. பார்க்கத்தான் அழகு. பத்து ரவுண்டு, மூன்று ஜட்ஜ்கள், ஒரு ரவுண்டுகூட அவருக்கு எழுதப்படவில்லை. ஹோம்ஸ் என்ன செய்தார்? ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்டார், நிறுத்தினார், ரெஃப்ரி முகத்தைப் பார்த்தார். முடித்துவிடும் அடிகளைக் கையிலேயே அடக்கிக்கொண்டார். பத்து முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். பிறகு ஹோம்ஸ் அழுதார். அலியின் ஸ்பாரிங் பார்ட்னராகக் கூலிக்கு அடி வாங்கித் தொழில் கற்ற ஆள் அவர். ஜெயித்தால் கிழவனை அடித்தவன், தோற்றால் கிழவனிடமே தோற்றவன். மறுத்திருந்தால்? "அலிக்குப் பயந்தவன்" என்று நம்மாட்களே இன்றைக்கு எழுதியிருப்பார்கள்.

ஹோம்ஸ் வாழ்க்கையில் அந்த ஒரு ராத்திரிதான் நடந்ததா? மொத்தம் 75 சண்டை. 69 வெற்றி, அதில் 44 நாக்அவுட். பட்டத்தை 20 தடவை காப்பாற்றியிருக்கிறார். அவர் காலம் வரைக்கும் அதைத் தாண்டியவர் 25 தடவை காப்பாற்றிய ஜோ லூயிஸ் ஒருவர்தான். 1978-இலிருந்து 1985 வரை ஏழு வருஷம் சாம்பியன். 75 சண்டையில் கடைசி ரவுண்டுக்கு முன்பே அவர் முடிக்கப்பட்டது ஒரே ஒரு தடவை, அந்த டைசன் சண்டையில்.

எண்களை விடுங்கள், எண்ணை வைத்து அளப்பதுதான் வியாதியே என்கிறேன். கையைப் பாருங்கள்.

ஜாப் பழக வருகிற பையன்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது ஹோம்ஸைத்தான். உயரம் ஆறடி மூணு அங்குலம், கை விரிப்பு 81 அங்குலம். இடது கையை முகத்துக்கு முன்னால் வைக்காமல் இறக்கியே வைத்திருப்பார். அதனால் அடி கீழிருந்து, எதிராளி கண்ணுக்குத் தெரியாத கோணத்தில் கிளம்பும். கை கிளம்பும் அதே நொடி முன்காலும் அரை அடி வழுக்கும். உடம்பின் கனம் முஷ்டிக்குப் போவது அந்த வழுக்கலில்தான். காலை ஊன்றிவிட்டுக் கையை நீட்டினால் அது தள்ளு, அடி இல்லை. கடைசி நாலு அங்குலத்தில் முஷ்டி திரும்பும், தோள் ஏறி மோவாயை மூடும். ஒன்றோடு நிற்காது. முதல் ஜாப் எதிராளியின் கையை மேலே இழுக்க, இரண்டாவது தலையைப் பின்னுக்குத் தள்ள, மூன்றாவதுக்குப் பின்னாலேயே வலது கை. பாதி ஆட்கள் ஹோம்ஸிடம் தோற்றது அந்த வலதில் இல்லை. எட்டாவது ரவுண்டுக்குள் ஜாப்பிலேயே கண் வீங்கி, வலது வருவதே தெரியாமல் போனதில்தான்.

ஓட்டையும் அதிலேயே இருக்கிறது, மறைக்கவில்லை. தாழ்ந்த இடது கை தாழ்ந்த வழியாகவே திரும்பினால் மேலே ஒரு ஜன்னல் திறக்கும். எர்னி ஷேவர்ஸ் 1979-இல், ஏழாவது ரவுண்டில் அந்த ஜன்னல் வழியாகத்தான் வலதை இறக்கினார். 1981-இல் ரெனால்டோ ஸ்னைப்ஸ், அதுவும் ஏழாவது ரவுண்டு, அதே வலது. டைசன் முதலில் சாய்த்ததும் அப்படியே. ஷேவர்ஸின் வலதை வாங்கியவர்கள் அதற்கு இணையான அடி வேறில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை முழுசாக வாங்கி விழுந்த ஆள் எழுந்தார், பதினொன்றாவது ரவுண்டில் ஷேவர்ஸை முடித்தார். ஸ்னைப்ஸையும் பதினொன்றில்தான் முடித்தார். சாம்பியனை அளப்பதென்றால் இங்கே அளக்க வேண்டும். தோற்காமல் இருந்தானா என்பதைவிட, தோற்கிற நிலைக்கு வந்தபிறகு என்ன செய்தான் என்பதில்.

பட்டம் வாங்கிய சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978 ஜூன் 9, கென் நார்ட்டன். சண்டைக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் இடது கைத் தசை கிழிந்தது. எந்தக் கையில் பிழைப்பு நடக்கிறதோ அந்தக் கை. வெளியே சொன்னால் சண்டை ரத்து, வாய்ப்பு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு ஏறி, அந்தக் கையாலேயே ஜாப் போட்டார். பதினைந்தாவது ரவுண்டில் இரண்டு பேரும் தற்காப்பை மறந்து நடு ரிங்கில் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டதைப் பார்க்காதவர்கள் தயவுசெய்து பட்டியல் போடாதீர்கள். இரண்டு ஜட்ஜ் 143-142 ஹோம்ஸுக்கு, ஒருவர் அதே 143-142 நார்ட்டனுக்கு. அந்தக் கடைசி மூன்று நிமிஷம்தான் பட்டத்தைத் தீர்மானித்தது.

"நார்ட்டனுக்கு மறுவாய்ப்புத் தரவில்லையே, கிரெக் பேஜைத் தவிர்த்தாரே, பிங்க்லான் தாமஸ் எங்கே, கோட்ஸி எங்கே?" அந்தக் காலத்துப் போட்டியாளர்களின் பெயர்களைச் சொல்லி இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சரி. பேஜைச் சந்திக்கவில்லை, 1983 கடைசியில் டபிள்யூபிசி என்ற சங்கத்தின் பெல்ட்டை விட்டுவிட்டு ஐபிஎஃப் என்ற இன்னொரு சங்கத்தின் பக்கம் போனார். அதே வருஷம் பத்தே சண்டை போட்டிருந்த மார்விஸ் ஃப்ரேசியரை ஒரே ரவுண்டில் முடித்ததை நானும் சாதனையாக எழுதமாட்டேன். கோட்ஸியுடன் மோதல் பேசியது பணப் பிரச்சினையில் கவிழ்ந்தது. ஒரே எடையில் மூன்று பெல்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம், நடுவில் சண்டை ஏற்பாட்டாளர் டான் கிங். அந்தக் காலத்தில் யார்தான் எல்லோரையும் சந்தித்தார்கள்? அடுத்த கேள்வி.

"கூனி சண்டையில் கார்டு நெருக்கமாக இருந்ததே?" இருந்தது. ஜெர்ரி கூனி அடிவயிற்றுக்குக் கீழே அடித்ததற்கு மூன்று புள்ளி பிடிக்காமல் விட்டிருந்தால் இரண்டு ஜட்ஜ் கார்டில் கூனி ஒரு புள்ளி முன்னே இருந்திருப்பார். இதை என்னிடம் சொல்கிறவர்களுக்கு என் பதில்: முதல் ரவுண்டிலிருந்து அந்த 81 அங்குலக் கையைத் தாண்டி அடிக்கத் தெரியாமல்தானே கீழே கீழே அடித்தார்? பதின்மூன்றாவது ரவுண்டில் கூனியின் பயிற்சியாளரே உள்ளே வந்து நிறுத்தினார். கார்டுக்கு வேலையே இல்லை.

அந்தக் கூனி சண்டை நடந்த 1982 ஜூன் 11-ஐ நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வழக்கப்படி சாம்பியனைத்தான் கடைசியில் அறிமுகம் செய்ய வேண்டும். அன்றைக்கு ஹோம்ஸை முதலில் அழைத்துவிட்டுக் கூனியைக் கடைசியில் அழைத்தார்கள். அந்த வாரம் டைம் பத்திரிகையின் அட்டையில் கூனியும் சில்வெஸ்டர் ஸ்டாலோனும். ஒருவர் சவால்விட வந்தவர், இன்னொருவர் சினிமாவில் குத்துச்சண்டை வீரராக நடித்தவர். நிஜ சாம்பியன் அட்டையில் இல்லை! காரணம் கூனியின் ஜாப் அல்ல, தோல் நிறம் என்பது அன்றைக்குப் பத்திரிகை படித்த எல்லோருக்கும் தெரியும். ரிங்கில் ஏறும்வரை கூனியை 'வெள்ளைக்கார நம்பிக்கை' என்றே விற்றார்கள். சண்டை முடிந்தபிறகு ஹோம்ஸும் கூனியும் நல்ல நண்பர்களானார்கள். விற்றவர்கள் மட்டும் கணக்கே முடிக்கவில்லை.

1985-இல் லியானின் தம்பி மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் ஹோம்ஸின் 48-0 உடைந்தது. மார்சியானோவின் 49-ஐத் தொட ஒன்றே ஒன்று பாக்கி. குறைந்த எடைப் பிரிவான லைட் ஹெவிவெயிட்டிலிருந்து ஏறி வந்தவரிடம் தோற்றது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு வாய் தவறி, மார்சியானோவால் தன் உள்ளாடையைக்கூடச் சுமக்க முடியாது என்றார். அசிங்கமான பேச்சு, பின்னால் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பாருங்கள், 69 வெற்றியை நினைவில் வைக்காத ஜனம் அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறது. 1986 மறுமோதலில் ரிங் ஓரம் இருந்த எழுத்தாளர்கள் பலர் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள், ஜட்ஜ்கள் பிரிந்து ஸ்பிங்க்ஸுக்குக் கொடுத்தார்கள். அதைப் பற்றி லைவில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

இதையெல்லாம் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'அலி வெறுப்பாளர்'. அலியின் மனச்சாட்சியையும் அவர் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததையும் மதிக்கிறவன் நான். அதற்கும் ஹோம்ஸின் ஜாப்புக்கும் என்ன சம்பந்தம்? அலி கவிதை சொன்னார், ஹோம்ஸ் சொல்லவில்லை. அலி சிரிக்க வைத்தார், ஹோம்ஸ் முறைத்தார். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் என்ற சின்ன ஊரிலேயே கிடந்து, சம்பாதித்ததை அங்கேயே கட்டடமாகக் கட்டினார். குத்துச்சண்டைக்கு மார்க் போடும்போது பேச்சுப் போட்டி மார்க்கையும் கூட்டுவதென்றால் தாராளமாகக் கூட்டுங்கள், பட்டியல் தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ரே மெர்சர். 1992 பிப்ரவரி 7. சியோல் ஒலிம்பிக் தங்கம், அதுவரை தோல்வியே காணாதவர். எதிரே 42 வயது ஹோம்ஸ். கால் போய்விட்டது என்று அவருக்கே தெரியும், அதனால் ஓடவில்லை. கயிற்றில் முதுகைச் சாய்த்து நின்றார், மெர்சரின் அகல அடிகளைத் தோளிலும் முழங்கையிலும் வாங்கினார், இடைவெளியில் ஜாப், வலது, திரும்ப ஜாப். பன்னிரண்டு ரவுண்டு, மூன்று ஜட்ஜும் ஹோம்ஸுக்கே. இளைஞன் கிழவனை அடித்தால் மதிப்பில்லை என்பதுதானே உங்கள் சட்டம்? கிழவன் இளைஞனை அடித்தால் எத்தனை மார்க் என்று அந்த நண்பர் அடுத்த சனிக்கிழமை சொல்லட்டும், கேட்கிறேன்.