டிஸ்சார்ஜ் சீட்டில் 'வி03' இருந்தால் நடந்தவர் மேல் தப்பா?

தொண்டி, மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: டிஸ்சார்ஜ் சீட்டில் 'வி' (ஆங்கில V) என்று தொடங்கும் எண் இருந்தால், நடந்து போனவர் மீதே தவறு என்று ஆஸ்பத்திரி எழுதிவிட்டதாம், நஷ்டஈடு கிடைக்காதாம். இது பொய். இதை நம்பி யாரும் மனுவே போடாமல் இருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அது நோய், காயங்களை வகைப்படுத்த உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் ஐசிடி-10 குறியீடு. வி01 முதல் வி09 வரை, அடிபட்டவர் நடந்து சென்றவர், அவர்மேல் மோதியது எது என்பதைச் சொல்பவை. விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மீன்கூடையோடு நடக்கும் அம்மாவை பைக்கோ ஆட்டோவோ இடித்தால் வி02. கார், வேன் என்றால் வி03. லாரி, பஸ் என்றால் வி04. அப்புறம், இந்த மூன்றிலும் புள்ளிக்குப் பின்னால் 1 இருந்தால் பொதுச்சாலையில் நடந்த விபத்து. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தால் அதற்குத் தனியாக எஸ்82. யார் தவறு என்று எழுத இதில் இடமே கிடையாது.

அதை முடிவு செய்வது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சரி, இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால்? அதற்கும் வழி உண்டு: 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் நஷ்டஈடு. சீட்டை எஃப்ஐஆர் நகலோடு பத்திரமாக வையுங்கள்.