ஒருசந்தியும் ஒரு படமும்

2025இல், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில், ஒவ்வொரு நாளும் ஒரு திரைப்படம் பார்த்தேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்களின் காதில் இது எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் தவக்காலத்தைத் தபசு நாள் என்றுதான் சொல்வோம். அது தொடங்கும் திருநீற்றுப் புதனன்று காலைத் திருப்பலியில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு அப்பா இலங்கை வானொலியை அணைத்துவிடுவார். அது மறுபடி பாட ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு ஞாயிறு வரவேண்டும். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, சினிமா அறவே கிடையாது. ஆனால் அதே தபசு நாளின் கடைசி வாரத்தில், கோயில் மைதானத்தில் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டிய திரையில், தெலுங்கிலிருந்து மொழிமாற்றம் செய்யப்பட்ட ‘கருணாமூர்த்தி’ ஓடும். ஆண்டவர் சிலுவையில் தொங்கும் நேரம் பார்த்துச் சுருள் மாற்றுவதற்காகப் படம் நின்றுவிடும். அந்த இருட்டில் ஊரே மணலில் உட்கார்ந்து காத்திருக்கும். இது மட்டும் சினிமா இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். “அது சாமி படம்” என்றார் அம்மா. அந்தப் பதிலை ஏற்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நாற்பது ஆண்டுகளை ஓட்டிவிட்டேன்.

அந்தக் காலத்துத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். சினிமாவுக்குப் போவது அன்று ஒரு விருந்து. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வீட்டோடு கிளம்பி, இடைவேளையில் முறுக்கு வாங்கித் தின்று, திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வருகிற விருந்து. அதை நாற்பது நாள் விடுவது இறைச்சியை விடுவதைப் போல உடம்பில் உறைக்கும். இன்று நான் தவக்காலத்தில் சினிமாவை விட்டேன் என்றால், அதற்கு முந்தைய தீபாவளியிலிருந்தே திரையரங்குப் பக்கம் போகாதவனுக்கு அது என்ன ஒறுத்தல்? என் கைப்பேசியோ, ஒரு நாளைக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் என்னோடு இருந்தாய் என்று வாராவாரம் கணக்குக் காட்டுகிறது. அந்த மூன்று மணி நாற்பது நிமிடத்தில் என்ன பார்த்தேன் என்று யாராவது கேட்டால், ஒரு பூனை, ஒரு சண்டை, யாரோ ஒருவர் பிரியாணி கிண்டியது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில் இருக்காது. எதைத் துறப்பது என்ற பட்டியலை நம் பாட்டிமார் சரியாகத்தான் எழுதினார்கள்; பொருள்கள்தான் இடம் மாறிவிட்டன.

ஒருசந்தி என்ற பழைய சொல் இங்கேதான் எனக்கு உதவியது. சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது; ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே ஒரு முழு உணவு. ஒருசந்திக்காரர் பட்டினி கிடப்பதில்லை. ஒருவேளை சாப்பிடுகிறார், அதை உட்கார்ந்து சாப்பிடுகிறார், இடையிடையே கொறிப்பதைத்தான் விடுகிறார். கண்ணுக்கும் ஒருசந்தி வைத்தால் என்ன என்று தோன்றியது. நாளுக்கு ஒரு படம், முதலிலிருந்து கடைசி வரை. அதைத் தவிர எந்தத் திரையிலும் வேறு அசையும் படம் கிடையாது. தொடர் இல்லை, குறுங்காணொளி இல்லை, மார்ச் 22ஆம் தேதி தொடங்கிய ஐபிஎல்லும் இல்லை. இந்தக் கடைசி விதிக்காக மட்டும் எனக்கு மோட்சத்தில் ஒரு நாற்காலி ஒதுக்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எந்தப் படங்கள் என்பதை நானே முடிவு செய்யக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பிடித்ததை எடுத்துப் பார்ப்பதும், பத்து நிமிடத்தில் அலுத்தால் அடுத்ததற்குத் தாவுவதுமாக என் விரல் பழகியிருந்தது. அந்த விரலைத்தான் கட்டிப்போட வேண்டியிருந்தது. சினிமா பிறந்து நூறாண்டு ஆனதையொட்டி 1995இல் வத்திக்கானின் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 45 படங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்று மூன்று பிரிவு, பிரிவுக்குப் பதினைந்து படம். திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை, ஞாயிறுகளையும் சேர்த்தால், 46 நாள். பெரிய வெள்ளியன்று எதுவும் பார்ப்பதில்லை என்று விட்டால் 45. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு, யாரோ எனக்காகவே அளவெடுத்துத் தைத்துவைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் முன்பே குறித்துக்கொண்டு, மற்ற 43 பெயர்களைச் சீட்டெழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். இரவு ஒன்பது மணிக்குச் சீட்டு, பிறகு கைப்பேசி அலமாரிக்குள், பிறகு படம். நிறுத்தக்கூடாது, ஓட்டக்கூடாது. திரையரங்கு நுழைவுச்சீட்டின் விலையாக நாளுக்கு 150 ரூபாய் உண்டியலில். 45 நாளில் 6,750 ரூபாய் சேர்ந்து போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. தருமம் இல்லாத நோன்பு வெறும் பத்தியம் என்று எங்கள் பழைய பங்குத்தந்தை ஒருவர் சொல்வார்.

முதல் நாள் கார்ல் டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’, 1928இல் வந்த ஊமைப்படம். ஏறக்குறைய படம் முழுவதும் முகங்கள். ஜோனாக நடித்த ஃபால்கோனெட்டியின் முகத்தில் ஒப்பனை இல்லை. விசாரிக்கும் குருக்களின் மருவும் சுருக்கமும் எச்சிலும் தெரிகிற அளவுக்குக் கேமரா கிட்டே போகிறது. இதன் மூல நெகடிவ் தீயில் போயிற்று. பல பத்தாண்டுகள் சிதைந்த பிரதிகளையே உலகம் பார்த்துக்கொண்டிருக்க, 1981இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் பழைய முழுப் பிரதி ஒன்று கிடைத்தது. நெற்றியில் சாம்பல் உலராத நாளில், தீயில் எரிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய, தீயிலிருந்து மீண்ட ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது பாதிப் படத்தில்தான் எனக்கு உறைத்தது.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு ஞாயிறு ஏபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ வந்தது. மீட்டெடுக்கப்பட்ட பிரதி ஐந்தரை மணி நேரம். நான் நடுவில் தூங்கிப்போனேன், விழித்தபோது போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. கீஸ்லோவ்ஸ்கியின் ‘டெக்கலாக்’ பட்டியலில் ஒரு பெயர்தான், ஆனால் பத்துப் பகுதி. ஐந்தாம் கட்டளையைப் பற்றிய பகுதியை மட்டும் அன்று பார்த்தேன். ஒரு கொலை, பிறகு அந்தக் கொலைக்காக அரசு செய்யும் கொலை, இரண்டையும் அவர் ஒரே கண்ணால் பார்க்கிறார். அன்று சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரத்தில் வேறொரு நோய் பிடித்தது: எத்தனை முடித்தேன் என்று எண்ணத் தொடங்கினேன். பார்த்தவற்றின் மேல் கோடு கிழிக்கும்போது கிடைத்த இன்பம், படங்களே கொடுத்ததைவிடப் பெரிதாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கோடு கிழிப்பதை நிறுத்தி, சீட்டைக் கிழித்துப் போடுவதோடு விட்டேன்.

பட்டியலோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆசியாவிலிருந்து இரண்டு இயக்குநர்கள், இருவரும் ஜப்பானியர்கள். காந்தியைப் பற்றிய படம் இருக்கிறது, அதை எடுத்தவர் ஆங்கிலேயர். சத்யஜித் ராய் இல்லை. திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களும் கத்தோலிக்கச் சினிமா என்றதும் சொல்கிற ராபர்ட் பிரெசோன் இல்லை. இதை யார், எப்படி விட்டார்கள் என்று இன்றும் எனக்கு ஆற்றாமைதான். ஆனால் கடவுள் நம்பிக்கை இல்லாத புனுவெலும் பசோலினியும் சமயப் பிரிவிலேயே இருக்கிறார்கள். பசோலினியின் ‘மத்தேயு நற்செய்தி’ 1964இல் வந்தது. மார்க்சியவாதியான அவர் அதைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். இயேசுவாக நடித்தவர் அதுவரை நடித்தே இராத ஒரு ஸ்பானிய மாணவர். வயதான மரியாவாக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தாய். தெற்கு இத்தாலியின் மத்தேராவில், பாறையைக் குடைந்த வீடுகளுக்கிடையே எடுத்தார். இந்த இயேசு புன்னகைத்துக்கொண்டு ஆடுகளோடு நிற்பவர் அல்லர். வேகமாக நடந்துகொண்டே, பின்னால் ஓடிவருபவர்களிடம் தலையைத் திருப்பிப் பேசுகிறவர். ஏறக்குறைய எல்லா வசனமும் மத்தேயு எழுதியதே. கோயிலில் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுக் காதில் தேய்ந்துபோன வார்த்தைகள் இவ்வளவு கோபமானவை என்பதை எனக்குக் காட்ட ஒரு நாத்திகர் வேண்டியிருந்தது. அம்மாவின் “சாமி படம்” என்ற சொல்லுக்கு இது பொருந்துமா என்று அன்று இரவு யோசித்தேன்.

அம்மாவுக்கு விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. தொலைபேசியில், “தபசு நாளும் அதுவுமா தினம் படம் பாக்குறியாமே. பாரு, ஆனா வெளிய சொல்லிராத” என்றார். மத்தேயு ஆறாம் அதிகாரம் சொல்வதும் அதைத்தான்: நோன்பிருப்பது பிறருக்குத் தெரியவேண்டாம், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள். அம்மா சொன்ன காரணம் வேறு, ஆண்டவர் சொன்ன காரணம் வேறு என்றாலும், இருவர் பேச்சையும் மீறித்தான் இதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதக் காரணம், இப்போது பரவிவரும் இன்னொரு பழக்கம். தவக்காலத்தில் ‘நல்ல’ படம் பாருங்கள், பக்திப் படம் பாருங்கள் என்று பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள். முதல் சில நிமிடங்களிலேயே கண்ணீர் வரவழைக்கும் படங்கள் அவை. தாளித்து நெய்விட்ட உணவைச் சுத்தபோசனம் என்று பரிமாறுவது போன்றது இது என்பது என் கருத்து. இறைச்சி இல்லைதான், ஆனால் நாக்குக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நமக்குப் பிடிக்காத, நம்மை முகத்துதி செய்யாத ஒரு படத்தின் முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் கடினம். ‘சைக்கிள் திருடர்கள்’ பார்த்த இரவு, கடைசியில் திருட முயன்று பிடிபட்ட தகப்பனின் கையை அந்தச் சிறுவன் பற்றிக்கொள்ளும்போது, படத்தில் சாமி எங்கே என்று தேட எனக்குத் தோன்றவில்லை.

ஒரு தவக்கால வெள்ளியன்று, கஞ்சியும் துவையலும் சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்த சீட்டில் ‘பாபெட்டின் விருந்து’ என்று இருந்தது. 1987இல் வந்த டேனிஷ் படம். கருவாட்டையும் ரொட்டிக் கஞ்சியையும் தவிர வேறெதையும் ருசிப்பதைப் பாவமாக நினைக்கும் ஒரு கடற்கரைச் சிற்றூர். அங்கே அடைக்கலமாக வந்த பிரெஞ்சுச் சமையற்காரி. அவளுக்குப் பரிசுச்சீட்டில் விழுந்த பத்தாயிரம் பிராங்க். அதில் ஒரு காசு மிச்சம் வைக்காமல் பன்னிரண்டு பேருக்கு அவள் ஒரே ஒரு விருந்து வைக்கிறாள். உயிருள்ள ஆமையும் கூண்டுக் காடைகளும் படகில் வந்து இறங்குவதைப் பார்த்து மிரண்டுபோன ஊரார், என்ன பரிமாறினாலும் உணவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு உட்காருகிறார்கள். பேசவில்லை, ஆனால் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒவ்வொரு முகமாக இளகுகிறது, பல ஆண்டுப் பகைகள் மேசை மேலேயே கரைகின்றன. காடைக்கறியை ஒன்றரை மணி நேரம் கண்ணால் தின்ற அந்த வெள்ளியின் சுத்தபோசனம் செல்லுமா செல்லாதா என்று திருச்சபைச் சட்டத்தில் யாரிடமாவது கேட்கவேண்டும்.

பெரிய வியாழனன்று ஊருக்கு வந்தேன். டப்பாவும் கூடவே வந்தது. பாதம் கழுவும் சடங்கு முடிந்து வீடு திரும்பியவனுக்குக் கடைசிச் சீட்டாக மிஞ்சியிருந்தது ‘நோஸ்ஃபெராட்டு’, 1922ஆம் ஆண்டின் இரத்தக்காட்டேரிப் படம். அம்மா மாலை செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையில், சத்தமில்லாமல் அதைப் பார்த்தேன். ஊரைக் காக்க ஒரு பெண் தன் இரத்தத்தைக் கொடுத்து விடியும்வரை அந்தப் பேயைத் தடுத்து வைக்கிறாள். சேவல் கூவுகிறது, அது புகையாகிவிடுகிறது. பெரிய வியாழன் இரவில் சேவல் கூவுவது, இயேசுவைத் தெரியாது என்று மறுத்த பேதுருவுக்காக என்பது எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். நானே தேர்ந்தெடுத்திருந்தால் அந்த இரவுக்கு இந்தப் படத்தை ஒருநாளும் எடுத்திருக்கமாட்டேன்.

பெரிய வெள்ளியில் மூன்று மணி வழிபாடு, சிலுவை முத்தி, வெறும் வயிறு. தொலைக்காட்சியை யாரும் தொடவில்லை.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டிரையரின் ‘வார்த்தை’. டென்மார்க்கில் நாஜிகளால் கொல்லப்பட்ட காய் முங்க் என்ற போதகரின் நாடகம்; 1955இல் படமாயிற்று. பேறுகாலத்தில் இறந்துபோன இங்கர் சவப்பெட்டியில் கிடக்கிறாள். தன்னையே கிறிஸ்து என்று சொல்லித் திரிந்த மைத்துனன் தெளிந்து வருகிறான். அவளுடைய சின்ன மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் எழுப்புங்கள் சித்தப்பா என்பதுபோல் நிற்கிறாள். முதலில் இங்கரின் கோத்திருந்த விரல்கள் அசைகின்றன. அவள் இறந்தபோது நிறுத்திய கடிகாரத்தை ஒருவர் போய் மறுபடி ஓடவிடுகிறார். அந்த டிக்டிக் ஓசையோடு எழுந்து குளித்துவிட்டு, நள்ளிரவுத் திருவிழிப்புக்கு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

உயிர்ப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை பிற்பகலில் கைப்பேசி கொண்டுவந்த செய்தி, திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார் என்பது. அவருக்கு மிகப் பிடித்த படம் ‘பாபெட்டின் விருந்து’. 2016இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலிலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அன்றிரவு அதை மறுபடி போட்டேன். தபசு முடிந்துவிட்டதால் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அவ்வப்போது நான் கதை சொல்லச் சொல்ல, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தவர், விருந்து முடிந்து பாபெட் அடுக்களையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பேசினார்.

“இருந்த காசையெல்லாம் ஒரே ராத்திரில ஆக்கிப் போட்டுட்டாளே. காலைல அடுப்புல எதை வைப்பா?”