ஐஸ் போதைப்பொருள் குறித்த ஒரு கருத்துக்குத் திருத்தம்

திருகோணமலையிலிருந்து பலநாட் படகுகளில் கடலுக்குப் போவோர் ஐஸ் என்ற போதைப்பொருளை எடுப்பது நித்திரையைத் தள்ளிப்போடவே என்றும், ஹெரோயினைப் போல் நிறுத்தும்போது உடல் நோவு வராததால் அது அடிமையாக்காது என்றும் ஒருவர் எழுதியிருப்பது தவறு.

ஐஸ் என்பது மெதம்பெட்டமைன். அது களைப்பை நீக்குவதில்லை. மூளையில் உற்சாக உணர்வைத் தரும் டோபமைன் என்ற இரசாயனத்தைப் பெருமளவில் வெளியேற்றிக் களைப்பை உணரவிடாமல் செய்கிறது. ஜெர்மனியில் 1938 முதல் தாராளமாக விற்கப்பட்டு, படையினருக்கும் வழங்கப்பட்ட பெர்விட்டின் மாத்திரையும் இதே பொருள்தான். அந்த நாடே 1941இல் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

நிறுத்தும்போது நடுக்கமும் வாந்தியும் பெரிதாக வராது என்பது ஓரளவு உண்மை. ஆனால் நாட்கணக்கான தூக்கம், கடும் மனச்சோர்வு, அடங்காத வேட்கை, சிலரில் தற்கொலை எண்ணம் ஆகியவை வரும். அதுவும் சார்புநிலையின், அதாவது அடிமையாகிவிட்டதன், அடையாளமே. தொடர்ந்து பாவிப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் எகிறி மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம், இதயத்தசை பலவீனமடையலாம். யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகிப்பதும், இல்லாத குரல்களைக் கேட்பதும் பேய் பிடித்ததன் அறிகுறி அல்ல (இங்கே பல வீடுகளில் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள்), மருத்துவம் தேவைப்படும் உளப்பிறழ்வு. பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களில் அல்லது வாரங்களில் தணியும், சிலருக்கு நீடிக்கும்.

உடல் வெப்பத்தையும் இது ஆபத்தான அளவுக்கு ஏற்றுவதால், வெயிலில் வலை இழுப்பவருக்கு அபாயம் இன்னும் அதிகம். நெஞ்சுவலி, வலிப்பு, கடும் காய்ச்சல் கண்டால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்; மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.