காட்டுக்கு எந்த பைனாகுலர்?

டிசம்பர் நெருங்கினாலே இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பாக்கெட்டில் போடுற மாதிரி சின்னதா, நல்ல பவரா ஒரு பைனாகுலர் சொல்லுங்க." இப்படிக் கேட்டால் கடையில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் 10×25. காட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. அடுத்தது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5. நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அவ்வளவுதான். நல்ல வெயிலில் கண்பாவையும் சுருங்கித்தான் இருக்கும், அதனால் கடை வாசலில் குறை தெரியாது. விடிகாலையிலும் சோலை நிழலிலும் கண்பாவை 5 மி.மீ. வரைகூட விரியும். அப்போது படம் மங்கிவிடும். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் மான் தேடிப் போகிறவர்கள் 8×42, 10×42 என்று கனமானதைச் சுமப்பது இதற்காகத்தான். மான் மேயக் கிளம்புவது விடியலிலும் அந்தியிலும். நம் ஊரில் வேட்டை சட்டப்படி குற்றம், சரி. ஆனால் பறவை பார்க்கிற நமக்கும் அதே வெளிச்சம்தானே.

வால்பாறைப் பக்கம் தீக்காக்கை என்ற காட்டுப் பறவையைத் தேடியவர்களுக்குத் தெரியும். ஆணின் வயிறு அப்படி ஒரு சிவப்பு. ஆனால் அது இலை நிழலில் அசையாமல், பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 10×25-இல் அது பழுப்பாக ஏதோ ஒன்று. 8×32-இல் பார்த்தால், அது திரும்புகிற நொடியில் கறுப்பு நெஞ்சுக்கும் சிவப்பு வயிற்றுக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு வரை தெரியும்.

என் தேர்வு 8×32தான். ஒளிவட்டம் 4 மி.மீ., எடை அரை கிலோவை ஒட்டி. பார்வைப் பரப்பும் அகலம் என்பதால் கிளைக்குக் கிளை தாவுகிற பறவையை விடாமல் பிடிக்கலாம். 10 மடங்கில் கை நடுக்கமும் 10 மடங்காகும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் தூரத்துத் தண்ணீரில் நிற்கும் வரித்தலை வாத்துக்கு 10 உதவும், மறுக்கவில்லை. அதற்கும் 10×42தான் வேண்டும்.

வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். பைனாகுலரைக் கை நீட்டும் தூரத்தில், வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். சிறிய வெளிச்சப் பொட்டு தெரியும். அது முழு வட்டமாக, விளிம்பு வரை ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி, அதாவது பிரிசம், மலிவானது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்து, காட்சி வட்டம் முழுசாகத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 'ஐ ரிலீஃப்', அதாவது முழுக் காட்சியும் தெரிய லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம், 15 மி.மீ.க்குக் குறைந்தால் சிரமம்.

அப்புறம், மலைவாசஸ்தலங்களில் தெருவோரம் விற்கும், லென்ஸ் ரத்தச் சிவப்பாக மின்னுகிற ரகம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். தீக்காக்கையின் நிறமே மாறிவிடும். குழந்தைகளுக்குக்கூட வாங்கித் தராதீர்கள். முதல்முறை மங்கலாகப் பார்க்கிற குழந்தை இரண்டாம் முறை கேட்காது. ஜூம் பைனாகுலரும் வேண்டாம்.

மழைக்காட்டுக்கு அடிக்கடி போகிறவர்கள் நைட்ரஜன் நிரப்பிய, தண்ணீர் புகாத மாடலாக எடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அரை கிலோவும் கழுத்தை இழுக்கிறது என்றால் இரண்டு தோளிலும் மாட்டுகிற ஹார்னஸ் கிடைக்கிறது; அதை வாங்கிக்கொள்ளுங்கள், லென்ஸைச் சிறிதாக்காதீர்கள்.